பாயிரத்தில் இல்லாத பெயர்

ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதப் புகுந்தவன் என்னென்ன சொல்லவேண்டும் என்று நன்னூலார் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். நூலைச் செய்தவன் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லவந்த பொருள், கேட்பதற்கு உரியவர், அதனால் வரும் பயன் என்று எட்டு. அது போதாதென்று காலம், களம், காரணம் என்ற மூன்றையும் கூட்டிப் பதினொன்றாக்குவாரும் உண்டு. பதினொன்றாகியும் ஒருவருக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. முதுகு வலிக்க உட்கார்ந்து, எழுத்தாணி பிடித்து, அந்த நூலை ஓலையில் எழுதிக் கொடுத்தவர்தாம் அவர். சில சுவடிகளின் கடைசி ஏட்டில் அவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து வைத்திருப்பார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் அது பாயிரத்துக்குப் புறம்பானது. வீட்டுக்குள் அழைக்காமல் திண்ணையோடு அனுப்பிவிடுகிற விருந்தாளியின் நிலைமை அவருக்கு.

அச்சு யந்திரம் வந்தபின் திண்ணை சற்று அகலமாயிற்று. தலைப்புப் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ அச்சுக்கூடத்தின் பெயர், ஊர், ஆண்டு என்று இரண்டு வரி போடும் வழக்கம் ஏற்பட்டது. அந்த இரண்டு வரியை வாசகர்கள் படிப்பதில்லை. அவர்கள் படிக்காதது போகட்டும். நாவல் எழுதுகிற நாங்களும், நாவலைத் தராசில் வைத்து நிறுக்கிற விமரிசகர்களும்கூடப் படிப்பதில்லை. ஆனால் ஒரு சிறுகதைக்குப் போதுமான விஷயம் சில சமயம் அந்த இரண்டு வரிக்குள் அடங்கிக் கிடக்கிறது. முக்கியமாக, ஐரோப்பாவில் அச்சு தோன்றிய முதல் நூற்றைம்பது ஆண்டுகளில் வெளிவந்த சமய நூல்களைச் சொல்லவேண்டும். அவற்றில் அங்கங்கே பெண்களின் பெயர்கள் தென்படுகின்றன. எந்த நிபந்தனையின் பேரில் அந்தப் பெயர்கள் அங்கே ஏறின, எந்தக் காரணத்தால் மற்ற இடங்களில் ஏறாமல் போயின என்று பார்த்தால், நம் தமிழ்ப் புத்தகங்களைப் பற்றியும் சில விஷயங்கள் விளங்குகின்றன.

முதலில் இத்தாலியிலுள்ள மாந்துவா என்ற ஊர். அங்கே 1476ஆம் ஆண்டை ஒட்டி ஆபிரகாம் கோனாத் என்ற யூதர் எபிரேய மொழி நூல்களை அச்சிட்டு வந்தார். அவருடைய மனைவியின் பெயர் எஸ்தெல்லினா. உலகத்தின் நிலையாமையைச் சொல்லுகிற ஓர் அறநூலை அந்த அம்மாள் தம் பொறுப்பில் அச்சிட்டார். கடைசியில் தம் பெயரைப் போட்டுக்கொண்டார். அதில் கவனிக்க வேண்டிய ஒரு வார்த்தை இருக்கிறது. நூலைத் தாம் 'எழுதியதாக' அவர் சொல்லுகிறார். ஏனென்றால், 'அச்சிட்டேன்' என்று சொல்ல எபிரேய மொழியில் அப்போது தனி வார்த்தை நிலைபெறவில்லை. தொழில் அவ்வளவு புதிது. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக வரிசைப்படுத்தி, மையிட்டுத் தாளில் பதித்த வேலையைக் குறிக்க அவருக்குக் கிடைத்தது 'எழுதுதல்' என்ற சொல்தான். அந்தச் சொல் அந்த வேலைக்குப் பொருத்தமானதென்றே எனக்குத் தோன்றுகிறது. எழுத்துக் கோப்பவருடைய விரல் தொடாமல் எந்தச் சொல்லும் தாளுக்கு வந்ததில்லை.

அச்சுக்கு முன்பே பெண்களுக்கு இந்த வேலை புதிதல்ல. ஜெர்மனியில் நூரெம்பர்க் நகரத்தில் புனித காதரீன் பெயரால் ஒரு கன்னியர் மடம் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே ஐந்நூறுக்கு மேற்பட்ட சுவடிகள் சேர்ந்திருந்தன. ஜெர்மன் மொழிச் சுவடிகளின் தொகுதியில் அக்காலத்தில் மிகப் பெரியவற்றுள் அது ஒன்று. சரிபாதி அந்த மடத்துக் கன்னியர்களே பிரதி செய்தவை. குனிகுண்டா நிக்லாஸ் என்ற கன்னி அவற்றுக்கெல்லாம் எழுத்தும் எண்ணும் கொடுத்து ஜாபிதா தயாரித்தார். கூட்டன்பர்க் தம்முடைய பைபிளை அச்சிட்டுக்கொண்டிருந்த காலத்தை ஒட்டித்தான் அதுவும் நடந்தது. எல்லாரும் உணவருந்தும்போது ஒருத்தி மட்டும் நின்று வாசிக்கவேண்டும் என்பது அந்த மடத்து வழக்கம். எந்த நாளில் எந்த நூலை வாசிப்பது என்பதற்கும் தனியாக ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். கூட்டன்பர்க் பெயரைக் குழந்தைகள்கூடச் சொல்லும். குனிகுண்டாவின் பெயரைச் சொல்ல ஜெர்மனியிலேயே தேடிப்பிடிக்க வேண்டும்.

ஃபிளாரென்ஸ் நகரத்தின் ரிப்போலி மடம் இன்னும் ருசிகரமானது. 1476 முதல் 1484 வரை அங்கே ஓர் அச்சுக்கூடம் நடந்தது. நடத்தியவர் டொமினிகோ என்ற துறவி. கூட இருந்தவர் பியரோ என்ற மற்றொரு துறவி. அவர்களுடைய வரவு செலவுக் கணக்குப் புத்தகம் அழியாமல் நிற்கிறது. அதனால்தான் அச்சுக் கோக்கும் வேலையை மடத்துக் கன்னியர்கள் செய்தார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. சியன்னா நகரத்துப் புனித காதரீனின் சரித்திரத்தை அவர்கள் அச்சிட்டார்கள். தெருவில் கூவி விற்பவர்களுக்காகச் சிறு பிரார்த்தனைத் தாள்களை அச்சிட்டார்கள். அத்துடன் 'மொர்காந்தெ' என்ற காவியத்தையும் அச்சிட்டார்கள். அது ஒரு ராட்சசனைப் பற்றிய கேலிக் காவியம். முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த எழுத்துக்களைக் கோத்தார்களா, அல்லது எழுத்தை மட்டும் பார்த்து அர்த்தத்தைப் பார்க்காமல் கோத்தார்களா என்பதை நாவலாசிரியன் கற்பனை செய்யலாம். கணக்குப் புத்தகம் சொல்லவில்லை. அது சொல்வது, அந்த வேலைக்காக மடத்துக்கு வரவேண்டிய கூலியை. ஒவ்வொரு கன்னியின் பெயரும் புத்தகத்தில் ஏறவில்லை. டொமினிகோ காலமானதோடு அச்சுக்கூடமும் முடிந்தது.

இனிப் பாரீஸுக்குப் போகலாம். அங்கே பெண்களின் பெயர் தைரியமாகத் தலைப்புப் பக்கத்தில் ஏறுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. புருஷன் இறந்திருக்க வேண்டும். அச்சுத் தொழிலாளி இறந்துவிட்டால் அவன் மனைவி கடையைத் தொடர்ந்து நடத்தலாம் என்று அந்தத் தொழிலின் கட்டுப்பாடுகள் இடம் கொடுத்தன. புருஷன் உயிரோடிருக்கும் வரையில் அவள் எவ்வளவு வேலை செய்தாலும் பெயர் அவனுடையது. அவன் கண்ணை மூடினால், 'இன்னாரின் விதவை' என்று அவள் வெளிச்சத்துக்கு வருகிறாள்.

இப்படி வந்தவர்களில் இருவரைச் சொல்லவேண்டும். யோலாந்த் பொனோம் என்பவர் புத்தக வியாபாரியின் மகள்; தீல்மன் கெர்வர் என்ற அச்சுத் தொழிலதிபரின் மனைவி. 1522ல் விதவையானார். 1557 வரையில், அதாவது 35 ஆண்டு, அச்சுக்கூடத்தைத் தாமே நடத்தினார். 1526ல் பைபிள் அச்சிட்டார். பெண் ஒருத்தி அச்சிட்ட முதல் பைபிள் அதுவென்று சொல்லுகிறார்கள். அவருடைய முக்கியமான சரக்கு 'மணிநேரப் புத்தகம்'. நம் வீடுகளில் பஞ்சாங்கத்தையும் ஸ்தோத்திரத் திரட்டையும் ஒன்றாக வைத்துத் தைத்தால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்டது. முன்னால் திருநாள்களின் அட்டவணை, பிறகு விடியற்காலை தொடங்கி இரவு வரையில் சொல்லவேண்டிய ஜபங்கள், நடுநடுவே படங்கள். குழந்தைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கத் தாய்மார்கள் எடுப்பதும் அந்தப் புத்தகத்தைத்தான். எந்தப் பண்டம் விற்றாலும் விற்காவிட்டாலும் ஜபப் புத்தகம் விற்கும் என்பது நம் ஊர்க் கோயில் வாசல் கடைக்காரருக்குத் தெரிந்த ரகசியம். பாரீஸில் அந்தக் கடையை நடத்திய அம்மாளுக்கும் அது தெரிந்திருந்தது.

மற்றவர் ஷார்லட் கில்லார். இரண்டு முறை அச்சுத் தொழிலாளரை மணந்து இரண்டு முறையும் விதவையானவர். முதல் கணவர் ரெம்போல்ட், பாரீஸில் முதன் முதலில் அச்சு வைத்தவர்களில் ஒருவரான கேரிங்கின் கூட்டாளி. இரண்டாவது கணவர் ஷெவல்லோன் 1537ல் காலமானார். அதிலிருந்து 1557ல் தாம் இறக்கும் வரையில் 'பொற்சூரியன்' என்ற அந்தப் புகழ்பெற்ற அச்சுக்கூடத்தை ஷார்லட் நடத்தினார். அவர் எடுத்துக்கொண்டது திருச்சபைப் பிதாக்களின் கனமான லத்தீன் தொகுதிகள். அகஸ்தீன், ஜெரோம் போன்றவர்களின் நூல்களைப் பாடம் ஒப்பிட்டு, அறிஞர்களை அமர்த்திப் பிழை திருத்தி வெளியிடும் வேலை அது. வெரோனா நகரத்து ஆயர் லிப்பொமானோ, பைபிளின் முதல் இரண்டு ஆகமங்களுக்குத் தாம் தொகுத்த உரைகளை இத்தாலியிலிருந்து கொண்டுவந்து இவரிடம் அச்சிடக் கொடுத்தார். 1552ல் வெளியிட்ட ஒரு கிரேக்க-லத்தீன் அகராதியில் ஷார்லட் தம் பெயரிலேயே முன்னுரை எழுதியிருக்கிறார். தொகுத்த பேராசிரியர் வேலை முடியுமுன் இறந்துபோனார். அதை எடுத்துக்கொண்டு முடித்தவர் இவர். தலைப்புப் பக்கத்தில் தம் சொந்தப் பெயரை முதலில் போட்டு, அதன் பிறகு 'ஷெவல்லோனின் விதவை' என்று சேர்ப்பார். அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இவர்களைப் பற்றி எழுதியவர்கள் நெடுங்காலம் வரையில் ஒரே வாக்கியத்தில் காரியத்தை முடித்தார்கள்: 'கணவரின் வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்தினார்.' கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும். தகப்பனுடைய கடையை மகன் இருபது ஆண்டு நடத்தினால் அவனை 'அச்சுக் கலைஞன்' என்கிறோம். தொடர்ந்து நடத்தியவன் என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. இருபது ஆண்டு எந்த நூலை எடுப்பது, எந்த அறிஞனுக்குக் கூலி கொடுப்பது, எந்தக் காகிதத்தை வேண்டாமென்று திருப்பி அனுப்புவது என்று தினந்தோறும் தீர்மானம் செய்தவள் மட்டும் எப்படித் 'தொடர்ந்தவள்' ஆகிறாள்? இதற்கு இன்னொரு சமாதானமும் உண்டு. 'சமய நூல்தானே, புதிதாக என்ன செய்துவிட்டார்கள்' என்பார்கள். பக்தி நூல் என்றால் அது தானாகவே அச்சாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடையிலும் உண்டு. ஒரு எழுத்துப் பிழை வந்தால் கவிதை கெடும். ஜபப் புத்தகத்தில் வந்தால் ஜபம் கெடும் என்று வாங்குகிறவர் நம்புகிறார். அந்தக் கண்டிப்பான வாசகருக்கு முன்னால் நின்று 35 ஆண்டு கடை நடத்துவது இலேசான பரீட்சை அல்ல.

விதவையாகக் காத்திராமல் வேலை செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆன்ட்வெர்ப் நகரத்தில் கிறிஸ்டோபர் பிளான்டின் 1568 முதல் எட்டுப் பெரிய தொகுதிகளாக ஒரு பைபிளை அச்சிட்டார். எபிரேயம், சிரியாக்கு, கிரேக்கம், லத்தீன் முதலிய ஐந்து மொழிகள் அதில் பக்கத்துக்குப் பக்கம் அடுத்தடுத்து நிற்கும். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆதரவில் நடந்த பெருங்காரியம். இந்தப் பிளான்டின் 1570ல் எழுதிய ஒரு கடிதத்தில் தம் பெண்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நாலைந்து வயதிலிருந்தே எழுத்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்து, அவர்களைப் புரூப் ஒப்பிடும் வேலையில் வைத்துக்கொண்டாராம். நாலாவது பெண் மதலேன், பதின்மூன்று வயதுச் சிறுமி, பைபிளின் புரூபுகளை எடுத்துக்கொண்டு பதிப்பாசிரியர் மொந்தானோ தங்கியிருந்த இடத்துக்குப் போவாள். மூலத்தை அவள் வாசிக்க, அவர் ஒப்பிட்டுத் திருத்துவார். பின்னாளில் கடையின் பொறுப்பு மற்றொரு மகளான மார்த்தீனாவிடமும் அவள் குடும்பத்திடமும் வந்தது. அந்த வீடும் யந்திரங்களும் எழுத்துக்களும் இன்று காட்சிசாலையாக இருக்கின்றன. 2005ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிற்று. எட்டுத் தொகுதியிலும் மன்னர் பெயர் உண்டு, பதிப்பாசிரியர் பெயர் உண்டு, பிளான்டின் பெயர் உண்டு. மதலேன் தகப்பனாரின் கடிதத்தில் மட்டும் இருக்கிறாள்.

அந்தப் பைபிள் முடிந்து சில ஆண்டுகளில், 1578ல், தமிழ் எழுத்து அச்சேறியது. கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். எட்டு ஆண்டு கழித்து 1586ல் 'அடியார் வரலாறு' வந்தது. அது பெரிய புத்தகம். இரண்டும் அண்டிரீக் அடிகளாரின் வேலை. எழுத்து வெட்டியவர்களின் பெயர்கள்கூட நமக்குக் கிடைத்திருக்கின்றன; ஒருவர் கோவாவில் வெட்டினார், மற்றொருவர் கொல்லத்தில் வெட்டினார். அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். தமிழ் அச்சும் ஐரோப்பிய அச்சைப் போலவே சமய நூலோடுதான் பிறந்தது என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாரீஸ் விதவைக்குக் கிடைத்த கதவு இங்கே கிடையாது. இங்கே முதலில் அச்சுக்கூடம் வைத்திருந்தவர்கள் துறவிகளும், பிறகு மிஷன்களும், கம்பெனி சர்க்காரும். குடும்பத் தொழிலாக இருந்தால்தானே குடும்பத்துப் பெண்ணிடம் அது வரும்? நம்மவர்கள் தடையில்லாமல் அச்சுக்கூடம் வைத்துக்கொள்ள 1835ல்தான் சட்டம் இடம் கொடுத்தது. அதன் பிறகு சைவ நூல்களும் வைணவ நூல்களும் வெள்ளமாக வந்தன. அவற்றின் முகப்பில் பதிப்பித்தவர், பரிசோதித்தவர், பொருளுதவி செய்தவர், சாற்றுகவி கொடுத்தவர் என்று பத்துப் பெயர் இருக்கும். பெண் பெயர் அபூர்வம்.

பெயர் இல்லாமற்போவது சில சமயம் தற்செயல்; சில சமயம் கத்தரிக்கோலின் வேலை. தஞ்சையில் பிரதாபசிம்மர் காலத்தில் முத்துப்பழனி என்ற கவி இருந்தார். கிருஷ்ணன் ராதையைச் சமாதானம் செய்யும் கதையை 'ராதிகா சாந்த்வனமு' என்று தெலுங்கில் பாடினார். நூலின் தொடக்கத்தில் தம் பாட்டியையும் அத்தையையும் சொல்லித் தம் கல்வியின் மரபைக் காட்டிக்கொண்டார். 1887ல் அது அச்சானபோது அந்தத் தொடக்கப் பகுதியே காணோம். பெங்களூர் நாகரத்தினம்மாள் பழைய சுவடியைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து 1910ல் புதிய பதிப்பு வெளியிட்டார். சிருங்காரம் மிகுதி என்று பண்டிதர்கள் கூச்சலிட, அரசாங்கம் தடை போட்டது. சுதந்திரம் வருகிற சமயத்தில்தான் தடை நீங்கிற்று. சிருங்காரத்தைப் பற்றிய சண்டை எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிட உறுத்துவது அந்தப் பாயிரம் போனதுதான். சிருங்காரப் பாட்டை நீக்கினால் ஒழுக்கத்தின் பெயரால் நீக்கினோம் என்று சொல்லலாம். பாட்டியின் பெயரை எதன் பெயரால் நீக்கினார்கள்? நாகரத்தினம்மாளைத் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிக்குச் சமாதிக் கோயில் கட்டியவராக நாம் கொண்டாடுகிறோம், அது நியாயமே. பாடபேதம் பார்த்து நூல் பதிப்பித்தவர்களைப் பற்றிப் பேசும்போது அவரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

விதவையாகாமல், பிறர் வீட்டுக் கத்தரிக்கோலுக்கும் அகப்படாமல், தம் பெயரைத் தாமே அட்டையில் போட்டுக்கொண்ட தமிழ்ப் பெண் யாரென்று கேட்டால், வை. மு. கோதைநாயகி அம்மாளைத்தான் சொல்லவேண்டும். 1901ல் பிறந்தவர், ஐந்தரை வயதில் விவாகம், பள்ளிக்கூடம் கிடையாது. முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்ல, பட்டம்மாள் என்ற சிநேகிதி எழுதிக்கொண்டார். 1925ல், நடத்த முடியாமல் நின்றுபோகிற நிலைமையில் இருந்த 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை ஏற்றுக்கொண்டு, 1960ல் தாம் காலமாகும் காலம் வரையில் ஏறக்குறைய 35 ஆண்டு அதனோடு வாழ்ந்தார். திருவல்லிக்கேணியில் சொந்த அச்சகமும் ஏற்பட்டது. நடுவில் கள்ளுக்கடை மறியலுக்குப் போய்ச் சிறையிலும் இருந்துவிட்டு வந்தார். கணவர் பார்த்தசாரதி கடைசிவரை கூட நின்றார். மாந்துவா நகரத்து எஸ்தெல்லினா அச்சிட்டதையே எழுதியதாகச் சொன்னார். கோதைநாயகி எழுதத் தெரியாத நாளிலேயே நூலாசிரியர் ஆனார். எழுதுவது என்பது ஒரே ஒருவர் தனியறையில் பேனா பிடிப்பது என்று நாம் கருதிக்கொண்டிருப்பது எவ்வளவு குறுகலானது என்பதற்கு இந்த இருவரும் போதும்.

அம்மாளின் நாவல்கள் 115. விமரிசகர்கள் இந்த எண்ணைச் சொல்லிப் புன்னகை செய்துவிட்டு அடுத்த ஆசிரியருக்குப் போய்விடுவார்கள். அந்த நாவல்களைப் பற்றி என் அபிப்பிராயமும் மிக உயர்வானதல்ல. கதையில் தற்செயல்கள் அதிகம்; பாத்திரங்கள் பேசவேண்டிய இடத்தில் உபதேசம் செய்கின்றன; கெட்டவர்கள் கடைசி அத்தியாயத்தில் அவசரமாகத் திருந்துகிறார்கள். ஒரு பெண் எழுதினாள் என்பதற்காக இதையெல்லாம் மறைத்துப் பேசுவது அவருக்கு மரியாதை ஆகாது. ஆனால் நூலின் தரம் ஒரு கணக்கு. நூலை உண்டாக்கிய உழைப்பு இன்னொரு கணக்கு. முதல் கணக்கில் பற்று எழுதிவிட்டு இரண்டாவது கணக்கையே கிழித்துப் போடுவதுதான் நாம் செய்யும் தவறு. மாதந்தோறும் ஒரு பத்திரிகையை, உலக யுத்தத்தின் காகிதப் பஞ்சத்தையும் தாண்டி, சந்தாதாரர் கைக்குப் போகச் செய்த பத்திராதிபரின் வேலைக்கு இலக்கியச் சரித்திரத்தில் ஒரு தனி அத்தியாயம் வேண்டும். ஷார்லட் கில்லார் அகஸ்தீனை எழுதவில்லை. அகஸ்தீன் வாசகனிடம் வந்து சேர்ந்ததற்கு அவர் காரணம். கோதைநாயகி தாம் எழுதியதற்காக மட்டுமல்லாமல், வாசிக்கத் தெரிந்த பெண்களின் கூட்டம் ஒன்றை உண்டாக்கியதற்காகவும் மதிக்கப்பட வேண்டியவர். இன்று எங்கள் நாவல்களை வாசிப்பவர்களில் பலர் அந்த வாசகிகளின் பேத்திகள்.

நான் இதை எழுதுகிற சேர்வராயன் மலையிலும் இந்தப் பெயர் விவகாரம் உண்டு. ஏற்காட்டுக்கு முதன் முதலில் காப்பிச் செடி கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் பெயரை வழிகாட்டிப் புத்தகங்கள் எல்லாம் சொல்லும். காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து மூன்று மலைகளில் தங்கிய கதையை இந்த மலைவாழ் மலையாளிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இவர்களைப் பற்றிய செய்திகளை வைத்து 1883ல் லெ ஃபானு என்ற அதிகாரி சேலம் மாவட்டக் கையேட்டைத் தொகுத்து அச்சிட்டார். தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கிறது. சொல்லிக் காப்பாற்றியவர்கள் எல்லாரும் 'மலையாளிகள்' என்ற ஒரு பன்மைச் சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். எந்தப் பாட்டி எந்தப் பேரனுக்குச் சொன்னாள் என்பதைக் கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

இந்த மலையில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சத்துரு, ஈரம். மூடுபனி ஜன்னல் வழியாக வந்து அலமாரிக்குள் குடியேறிவிடும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் அட்டையில் பூஞ்சை பூத்துவிடும். காகிதத்தின் குணம் அப்போதுதான் தெரியும். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியக் காகிதம் சணல் துணிக் கந்தலைக் கூழாக்கிச் செய்தது; நானூறு ஐந்நூறு ஆண்டு தாங்குகிறது. அந்தக் கந்தலைத் தரம் பிரித்து நறுக்கிக் கொடுத்தவர்களும் காகித ஆலைகளில் வேலை செய்த பெண்களே. அவர்கள் பெயருக்குத் திண்ணைகூடக் கிடையாது. நம்முடைய ஸ்தோத்திரப் புத்தகங்களும் பெண்கள் பத்திரிகைகளும் அச்சானது மரக்கூழ்க் காகிதத்தில். அதில் இருக்கிற அமிலம் அதையே தின்கிறது. ஐம்பது ஆண்டில் பழுப்பேறி, அறுபதில் அப்பளமாக நொறுங்குகிறது. ஷார்லட்டின் தொகுதி கில்லாகப் பாரீஸில் நிற்கும்போது, பாட்டி காலத்து 'ஜகன்மோகினி' தொட்டால் உதிர்கிறது. தரம் குறைந்ததால் மறைந்தது என்று நாம் முடிவு கட்டுகிற பல நூல்கள் உண்மையில் காகிதம் கெட்டதால் மறைந்தவை.

ஆகவே வீட்டில் இருக்கிற சமயப் புத்தகக் கட்டை அவ்வளவு சுலபமாக எடைக்குப் போட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. மலைமேல் கத்தோலிக்க வீடானால் ஜெபமாலைப் புத்தகமும் புனிதர் சரித்திரமும் இருக்கும். மற்ற வீடுகளில் சஷ்டி கவசமும், திருப்பாவையும், பெரிய எழுத்து விக்கிரமாதித்தனோடு ஒட்டிக்கொண்டு வந்த அம்மானைகளும் இருக்கும். காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இப்படிப்பட்ட புத்தகங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். பண்டிதர்கள் சீந்தாத சிறு பிரசுரங்களையும் விடவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு அந்தத் தொகுதியை வைத்துத்தான் 1994ல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் ஏற்பட்டது. தமிழ் அச்சின் சரித்திரத்தை எழுத வருகிறவர்கள் இன்று அங்கே போய்த்தான் உட்காருகிறார்கள்.

எல்லாரும் ரோஜா முத்தையா ஆகமுடியாது. ஆனால் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு புத்தகத்தின் முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் பார்க்க முடியும். அச்சுக்கூடத்தின் பெயர் அங்கே இருக்கும். சில புத்தகங்களில் வாங்கிய நாளும், கொடுத்தவர் பெயரும், கோணல் எழுத்தில் வைத்திருந்தவளின் பெயரும் இருக்கும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். எங்களைப் போன்ற எழுத்தாளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த நாவலின் முன்னுரையில் மதிப்புரை தந்த பெரியவர்களுக்கு நன்றி சொல்லி முடித்தபின், அச்சகத்துக்கு ஒரு நடை போய், எழுத்துச் சேர்த்தவர் யார், புரூப் பார்த்தவர் யார், பாரம் மடித்துத் தைத்த பெண்கள் யார் யார் என்று கேட்டு, அந்தப் பெயர்களையும் நாலு வரியில் அச்சிட வேண்டும். அதற்கு நன்னூலில் விதி இல்லை, தடையும் இல்லை.